மூன்று வயது நடக்கிறது: நேர்சரிக்கு இப்போதா, பொறுத்தா?

இந்த விஜயதசமிக்குத் தங்கச்சியின் மகனுக்கு ஏடு தொடக்கினார்கள். கோயில் மண்டபத்தில் ஐயர் அவனை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். எழுதி முடித்த கையோடு அவன் அந்த அரிசியை அள்ளி வாயில் போட்டான். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து படலையைச் சாத்துவதற்குள் தங்கச்சி கேட்டுவிட்டாள்: "அக்கா, ஏடும் தொடக்கியாச்சு. தையில நேர்சரியில விடட்டோ? மூண்டு நடக்குதுதானே."

சிக்கல் அந்த 'நடக்குது'வில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் வயதை இரண்டு விதமாகச் சொல்வோம்: நடக்கிறது, முடிந்தது. அவன் பிறந்தது 2023 பெப்ரவரி 9. ஏடு தொடக்கிய அன்று இரண்டு வயதும் எட்டு மாதமும் முடியவில்லை, இன்னும் ஒரு கிழமை இருந்தது. மூன்றாவது வருடம் நடக்கிறது என்பது சரி. ஆனால் அந்த 'நடக்குது' நேர்சரி வாசலுக்குப் போகும்போது 'மூன்று வயது' ஆகிவிடுகிறது.

சரியாக அதே வயதில்தான் நான் என் மகளை விட்டேன். மகனை நான்கு முடிந்த பிறகு விட்டேன். ஒரே வீடு, ஒரே அம்மா, இரண்டு முடிவுகள். இரண்டாவது முடிவு என் கெட்டித்தனத்தால் வந்தது அல்ல. கொரோனாவும் பெற்றோல் வரிசையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. தங்கச்சிக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

முதலில் ஒரு கணக்கு

இலங்கையில் தரம் ஒன்றில் சேர, அந்த வருடம் ஜனவரி 31-ல் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை. அதற்கு முந்தியது எதுவும் கட்டாயமில்லை. முன்பள்ளிகள் மாகாணத்தின் பொறுப்பில் இருக்கின்றன, விடுவதும் விடாததும் வீட்டின் விருப்பம். ஆகவே 'மூன்று வந்துவிட்டது, விட வேண்டும்' என்று முன்னோக்கிக் கணக்குப் போடுவதைவிட, தரம் ஒன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே புத்தி.

தங்கச்சி மகனுக்கு எண்ணிப் பாருங்கள். 2028 ஜனவரி 31-ல் ஐந்து முடிய அவனுக்கு ஒன்பது நாள் குறையும். ஒன்பது நாள்! எனவே அவனுக்குத் தரம் ஒன்று 2029-ல்தான், ஏறக்குறைய ஆறு வயதில். இந்தத் தையில், அதாவது 2026 ஜனவரியில் விட்டால் முழுதாக மூன்று வருடம் முன்பள்ளியில் இருப்பான். 2027-ல் விட்டால் இரண்டு வருடம், அப்போது வயது மூன்றும் பதினொரு மாதமும். 2028-ல் விட்டால் ஒரு வருடம்.

அவர்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு பிள்ளை இருக்கிறது, அவனைவிட இரண்டு கிழமை மூப்பு, ஜனவரி கடைசியில் பிறந்தது. அந்தப் பிள்ளைக்குத் தரம் ஒன்று 2028-ல். அதை இந்தத் தையில் விட்டால் இரண்டு வருடம் இருக்கும், கணக்குச் சரி. இரண்டு அம்மாக்களும் படலையடியில் நின்று கதைக்கும்போது இரண்டு பிள்ளைக்கும் 'மூண்டு நடக்குது'தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு இப்போது நேரம், மற்றதற்கு இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது.

மூன்று வருடம் ஒரே முன்பள்ளியில் இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மூன்றாம் வருடத்தில் அது பிள்ளையே இல்லை, ரீச்சருக்கு உதவியாள். கலைவிழாவில் அதே மயில் ஆட்டம், அதே செட்டை, உடுப்பு மட்டும் ஒரு அளவு பெரிது.

வட்ஸ்அப் ஆலோசனைகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை நான்கு நேர வலயங்களிலிருந்து வரும். பாரிஸ் சித்தி "மூண்டு வயசில கட்டாயம் விட வேணும், இஞ்ச சட்டமே அப்பிடித்தான்" என்கிறா. உண்மைதான், பிரான்சில் 2019-லிருந்து மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். ரொறன்ரோ மாமா நான்கு என்கிறார். ஒன்ராரியோவில் நான்கு வயது ஆகும் வருடத்துச் செப்ரெம்பரில் பாலர் வகுப்புத் திறந்திருக்கும், கட்டாயம் இல்லை. நோர்வேயில் இருக்கும் மச்சாள் தன் பிள்ளையை ஒரு வயதிலேயே விட்டவள், ஆனால் அங்கே எழுத்துப் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஆறு வயதில்தான். பக்கத்துப் பின்லாந்தில் ஏழு.

அவரவர் நாட்டுக்கு அவரவர் சொல்வது சரி. அங்கே காலையில் வீட்டில் ஆள் கிடையாது, வெளியில் பனி கொட்டும், பிள்ளையை வைத்திருக்கும் இடத்தை அரசாங்கமோ நகரசபையோ நடத்துகிறது, இல்லாவிட்டால் காசு கொடுத்துத் தாங்குகிறது, ரீச்சருக்கு ஒழுங்கான சம்பளம். அந்த வயதை மட்டும் வெட்டி எடுத்துக் கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ ஒட்டினால் ஒட்டாது. இங்கே கேட்க வேண்டியது வேறு: காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களால் ஓட முடியுமா, பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் என்ன இருக்கிறது?

மகளின் கதை

மகள் பிறந்தது 2014 டிசம்பர். 2017 ஆவணியில், இரண்டு வயது எட்டு மாதத்தில், ரவுணுக்குள் இருந்த ஓர் ஆங்கில நேர்சரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சுவர் முழுக்க வர்ணப் படம், குளிரூட்டிய அறை, விண்ணப்பப் படிவம்கூட ஆங்கிலத்தில். கந்தோரில் யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டோவில் ஏழு பிள்ளைகள். முதலில் ஏற்றுவது என் மகளை, கடைசியில் இறக்குவதும் அவளைத்தான். மூன்று மணி நேர நேர்சரிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். இரண்டாம் கிழமையே கொப்பி வந்தது: ஒன்று முதல் இருபது வரை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம். இரவு எட்டு மணிக்கு அவள் பென்சிலை அகப்பைக்காம்பு மாதிரிப் பொத்திப் பிடிப்பாள், அதன் மேல் என் கை. எழுதியது யார் என்று கேட்டால், நான்தான். மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டுச் சின்ன எலும்புகளில் பாதிகூட இறுகியிருக்காது, மற்றதெல்லாம் இன்னும் குருத்தெலும்பு என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு மண் பிசைவதும், புட்டு மாவைக் குழைப்பதும், முருங்கையிலை உருவுவதும்தான் எழுத்துப் பயிற்சி.

ஒரு நாள் பையைத் திறந்தால், சொப்பின் பைக்குள் சுற்றி முடிந்த ஈர ஜட்டி. அடுத்த நாளும். இரண்டரை வயதிலேயே சொல்லிப் பழகிய பிள்ளை. "ஏனம்மா சொல்லேல்ல?" என்று மடியில் வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் என் சங்கிலியைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னாள்: "அது எனக்குச் சொல்லத் தெரியாது." கழிப்பறைக்குப் போக ஆங்கிலத்தில் ஒரு வசனம் கேட்க வேண்டும். 'மே ஐ' என்று தொடங்கும் அந்த வசனம் அவளுக்கு வாயில் வரவில்லை. தமிழில் கேட்டால் பதில் கிடைக்காது என்று நினைத்துவிட்டாள்.

மார்கழியோடு நிறுத்தினோம். அடுத்த தையில் வீட்டுக்குக் கிட்ட வேறொன்றில் விட்டோம், 2020-ல் தரம் ஒன்றுக்குப் போனாள். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து பள்ளிக்கூடமே பூட்டிவிட்டது. அந்த அவசரத்தால் நாங்கள் மிச்சம் பிடித்தது என்ன என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆங்கில நேர்சரி யாருக்கு?

எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையைப் பிறகு சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பப் போகிறீர்கள், அல்லது இரண்டு வருடத்தில் வெளிநாடு போகும் வீடு என்றால் அந்தக் கணக்கே வேறு. ஆனால் இங்கே பெரும்பாலான பிள்ளைகள் போவது அரச பாடசாலைக்கு. அங்கே தரம் ஒன்று தமிழ்மொழி மூலம். ஆங்கிலம் வாய்ப்பேச்சாக, செயற்பாடாக இருக்கும். பாடமாக வருவது தரம் மூன்றில். ஆங்கிலமொழி மூலம் என்பது சில பாடசாலைகளில், அதுவும் தரம் ஆறிலிருந்து. வீட்டில் ஒருவரும் பேசாத ஆங்கிலம், நேர்சரியில் இரண்டு வருடம் பாடினாலும், தரம் ஒன்றில் முதலாம் தவணைக்குள் ஆவியாகிவிடும். மிஞ்சுவது நிறங்களின் பெயரும் 'மம்மி, வோட்டர்' என்பதும்.

மொண்டிசோரி என்ற பலகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி, 1944-ல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையில் பிள்ளை தானே தண்ணீரை ஊற்றும், பொத்தானைப் பூட்டும், அரத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவும், எதை எடுப்பது என்று தானே முடிவு செய்யும். முப்பது பிள்ளைகள் வரிசையில் இருந்து ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதும் இடத்தில் மொண்டிசோரி இருப்பது பலகையில் மட்டும்தான்.

சனசமூக நிலையத்துக்குப் பின்னால்

மகன் 2018 மார்ச்சில் பிறந்தவன். இரண்டு வயதில் ஊரடங்கு, மூன்று வயதிலும் முன்பள்ளிகள் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தன. அம்மம்மாவோடு வீட்டில் நின்றான். 2022 சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு விடலாம் என்று பார்த்தால் பெற்றோல் இல்லை. ஸ்கூட்டி மாமரத்தடியில் நின்று தூசி பிடித்தது. ரவுண் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் முன்பள்ளி. முன்னுக்கு வாசிகசாலை, பேப்பர் வாசிக்கும் இரண்டு கிழவர்கள், பின்னுக்கு ஓர் ஒற்றை மண்டபம். ஒரு ரீச்சர், ஓர் உதவி ரீச்சர், இருபத்திரண்டு பிள்ளைகள். மகளை விடும்போது அந்த இடத்தை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அங்கே நடந்த சந்தை நாளைச் சொன்னால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வளவில் உள்ளதைக் கொண்டுவர வேண்டும். தேசிக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, ஒரு பிள்ளை இரண்டு முட்டை. மகன் முருங்கைக்காய் ஒரு கட்டு. சாக்கை விரித்து, அதில் குந்தியிருந்து, "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட வேண்டும். வாங்குவது பெற்றோர். முதல் பத்து நிமிடம் அவன் வாயே திறக்கவில்லை. பக்கத்துச் சாக்கில் இருந்த பெட்டை இவனுடைய முருங்கைக்காயையும் சேர்த்துக் கூவி விற்கத் தொடங்கியதும் ரோசம் வந்து, எழுந்து நின்று கத்தினான். கடைசிக் கட்டை விற்க மனமில்லாமல், என்னிடம் காசு வாங்கித் தானே தனக்கு விற்று, மிச்சக் காசும் பிழையாகக் கொடுத்து, வீட்டுக்கே கொண்டுவந்தான். அன்றைக்கு இரவு முருங்கைக்காய்க் குழம்பு. கொப்பியில் ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் எண்ணினான், காத்திருந்தான், அந்நிய ஆட்களோடு கதைத்தான், கோபத்தை வாயால் காட்டினான்.

குறைகளும் உண்டு, மூடி மறைக்க மாட்டேன். ஒரு கழிப்பறை. மாரியில் கூரை ஒழுகும். முன்பள்ளி ரீச்சர்மாருக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், நடுவருடத்தில் பிள்ளை புதுமுகத்தைப் பழக வேண்டும். நிர்வாக சபைக்குள் சண்டை வந்தால் அதன் சூடு பிள்ளைகளின் கஞ்சிவரை வரும். இன்னொன்று, அங்கேயும் சில அம்மாக்கள் "ஏன் ரீச்சர் கொப்பியில ஒண்டும் எழுதேல்ல?" என்று வாசலில் நின்று நெருக்கிக்கொண்டே இருப்பார்கள். ரீச்சர் வளைந்துகொடுத்தால், ரவுண் நேர்சரியில் காசு கொடுத்து வாங்கும் அதே வியாதி இங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அம்மம்மா போதாதா?

போதும் என்று சொல்லத்தான் ஆசை. என் அம்மாவின் காலத்தில் நேர்சரி இல்லை, நேரே அரிவரி வகுப்பு. அவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. மகன் நான்கு வயதுவரை அம்மாவோடு நின்றதில் அவனுக்குக் கிடைத்த தமிழ், எந்த நேர்சரியிலும் கிடைத்திராது. கோழி அடைகாக்கும் நாளை எண்ணுவான். சோளகம் எது, வாடை எது என்று காற்றைப் பார்த்துச் சொல்வான்.

ஆனால் அம்மாவின் காலத்தில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கிடுகு வேலியிலோ கிளுவை வேலியிலோ பிள்ளை நுழைகிற அளவு ஓட்டை. அதால் அடுத்த வளவுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வளவுக்கு. பத்துப் பிள்ளைகள் ஒரு முற்றத்தில் விழுந்து எழும்பின. அதுதான் அவர்களுடைய முன்பள்ளி, பதிவு இல்லாமல், கட்டணம் இல்லாமல். இப்போது எல்லா வீட்டுக்கும் மதில். மச்சான் மச்சாள்மார் பாதிப்பேர் வெளிநாட்டில். மதிலுக்குள் ஒரு பிள்ளை, ஒரு அம்மம்மா, ஒரு போன். அம்மம்மாவுக்கு முழங்கால் நோ, குசினியில் உலை கொதிக்கிறது, பிள்ளை அழுகிறது, என்ன செய்வா? போனைத்தான் கொடுப்பா. இரண்டிலிருந்து நான்கு வயதுவரையான பிள்ளைக்குத் திரை நேரம் நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி காலை பத்துக்கே முடிந்த நாட்கள் உண்டு.

ஆகவே 'வீடா, முன்பள்ளியா' என்ற கேள்விக்கு என் பதில் உங்கள் வீட்டுப் பொட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தினமும் விளையாட வழியிருந்தால், வைத்திருப்பவருக்கு உடம்பில் சக்தி இருந்தால், நான்கு வரை தாராளமாக வைத்திருக்கலாம். தரம் ஒன்றுக்கு முந்திய ஒரு வருடம் மட்டும் விட்டாலே போதும். மதிலுக்குள் தனியே வளரும் பிள்ளை என்றால் மூன்றரை அளவில் விடுவது பிள்ளைக்கும் நல்லது, அம்மம்மாவுக்கும் நல்லது.

டே கேர் இந்த ஒப்பீட்டில் சேராது. அது வேலைக்குப் போகும் அம்மாவின் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரச வேலையில் பிரசவ விடுமுறையை முழுச் சம்பளம், அரைச் சம்பளம், சம்பளமில்லை என்று எல்லாம் எடுத்து முடித்தாலும் பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் முடிந்துவிடும். ஆனால் 'நாள் முழுக்க இருந்தால் கூடப் படிக்கும்' என்று நினைத்து விட வேண்டாம். இங்கிலாந்தில் 1997-லிருந்து மூவாயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், முன்பள்ளியின் தரம் பிள்ளையின் வளர்ச்சியில் தெரிந்தது. அரைநாள் போன பிள்ளையைவிட முழுநாள் போன பிள்ளை கூடுதலாக ஒன்றும் பெறவில்லை. டே கேரில் கேட்க வேண்டியது பாடத்தை அல்ல: எங்கே படுக்க வைப்பார்கள், யார் சோறு தீத்துவார்கள், ஒருவர் கையில் எத்தனை பிள்ளை.

எந்த மாதம்?

இதை யாரும் யோசிப்பதில்லை. தையில் எல்லாரும் சேர்ப்பதால் நாமும் தையில் சேர்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் மாரி முடிந்து டெங்கு ஏறி நிற்கும் காலம் மார்கழியும் தையும். முன்பள்ளிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு முதல் வருடத்தில் ஆறு ஏழு தடவை தடிமன் வருவது வழக்கம்தான். அதோடு கை கால் வாய் நோய், கொப்புளிப்பான், பேன். இதெல்லாம் சேர்ந்து ஒரே மாதத்தில் இறங்கினால், மூன்று நாள் நேர்சரி, பத்து நாள் வீடு என்றாகும். பிள்ளை பழகவே பழகாது. மூன்று வயதில் போட வேண்டிய இரண்டாவது எம்எம்ஆர் ஊசியைப் போட்டு முடித்துவிட்டு அனுப்புவது நல்லது.

மகனைச் சித்திரைக்குப் பிறகு சேர்த்ததில் நான் கண்ட லாபம் ஒன்று உண்டு. தையில் பத்துப் பிள்ளை ஒரே நேரத்தில் அழும், ரீச்சருக்கு இரண்டு கைதான். வைகாசியில் அழுதது அவன் ஒருவன் மட்டும். ரீச்சர் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கதை சொன்னா. மூன்றாம் நாள் இறங்கிவிட்டான்.

போய்ப் பார்க்கும்போது

காலையில் திறக்கும் நேரத்தில் போகாதீர்கள், எல்லாம் அழகாக இருக்கும். பத்து மணிக்கு, சொல்லாமல் போங்கள். நான் முதலில் பார்ப்பது கிணறு. யாழ்ப்பாணத்து வளவில் கிணறு இல்லாத இடம் குறைவு. கட்டு எந்த உயரம், மேலே வலை போட்டிருக்கிறதா, பக்கத்தில் பிள்ளை ஏறக்கூடிய கல்லோ வாளியோ கிடக்கிறதா? அடுத்தது படலைக் கொளுக்கி, பிள்ளையின் கைக்கு எட்டுமா? பிறகு கழிப்பறை. பின் வளவில் தண்ணீர் தேங்கிய ரயர், சிரட்டை.

அதன் பிறகு சுவரைப் பாருங்கள். இருபது பிள்ளை வரைந்த இருபது வாத்தும் ஒரே மஞ்சளில், ஒரே வடிவில் இருந்தால் அவை ரீச்சர் வரைந்த வாத்துகள். ஒன்றுகூட வாத்து மாதிரி இல்லை என்றால் நல்ல இடம். காதையும் தீட்டுங்கள்: பேசுவது ரீச்சர் மட்டுமா, பிள்ளைகளும் பேசுகிறார்களா? அழுகிற பிள்ளையை அந்த ரீச்சர் என்ன செய்கிறா என்பது எல்லாவற்றிலும் முக்கியம். பதிவு இருக்கிறதா, ரீச்சர் பயிற்சி பெற்றவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

பிள்ளையின் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஏ பி சி டி அல்ல. ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியுமா? வீட்டார் அல்லாத ஒருவருக்கு அதன் பேச்சு விளங்குமா? உங்களைக் காணாமல் சித்தியோடோ பெரியம்மாவோடோ இரண்டு மணி நேரம் நிற்குமா? தன் கையால் சாப்பிடுமா? இவ்வளவும் இருந்தால் எந்த வயதும் வயதுதான். தரம் ஒன்றில் ரீச்சர்மார் தேடுவதும் ஏறக்குறைய இதைத்தான். அங்கே தொடக்கத்தில் கொஞ்ச நாள் பாடமே இல்லை, விளையாட விட்டுப் பிள்ளையை இனங்காண்பார்கள், பிறகுதான் கால்கோள் விழா வைத்து, மாலை போட்டு, முறையாக வரவேற்பார்கள். எழுதத் தெரிந்து வர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுக்க வேண்டாம். மூன்று வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "நேர்சரியில விட்டாக் கதைப்பான்" என்று ஊர் சொல்லும். கேட்காதீர்கள். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள், அவர் எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவார்.

சரி, தங்கச்சிக்கு என்ன சொன்னேன்? அவள் பிரதேச செயலகத்தில் வேலை, புருஷன் கிழமைக்கு ஒருக்கால் வவுனியாவிலிருந்து வருகிறவர், காலையில் பிள்ளையோடு நிற்பது மாமி. வீட்டைச் சுற்றி மதில். பிள்ளை பேசுகிறான், ஆனால் 'ஒன்றுக்கு' என்பதை இன்னும் போய் முடிந்த பிறகுதான் சொல்கிறான். இந்தத் தை வேண்டாம் என்றேன். மாமியால் முடிந்தால் 2027 தை, இரண்டு முழு வருடம், அதுவே எனக்குப் பிடித்தது. மாமிக்கு முடியவில்லை என்றால் இந்த வைகாசியில், மூன்று முடிந்து மூன்று மாதமான பிறகு, அவர்கள் ஒழுங்கை முடிவில் உள்ள ஊர் முன்பள்ளியில். ரவுண் நேர்சரி எந்தத் திகதியிலும் வேண்டாம்.

"பிறகு மற்றப் பிள்ளையள் முந்தியிருவினம் அக்கா" என்றாள்.

"எதில?"

பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தாள். மாமியிடம் கேட்டாளாம். வைகாசி என்றே வைப்போம், ஆனால் முதல் மாதம் பத்து மணிவரைதான், கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் தான்தான், ஓட்டோ பிடிக்கக் கூடாது என்று மாமி சொன்னாவாம். முழங்காலோடு எப்படி நடப்பா என்று கேட்டேன். அந்த முன்பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன் கீழ் ஒரு சீமெந்துக் கட்டு, அதில் இருந்துவிட்டு வருவாவாம். அவவின் இரண்டு சிநேகிதிமாரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் வருகிறார்களாம்.